கேட்பதும் மருந்தே

துறை மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு துறைத்தலைவர் பணித்தபோது, சீறாப்புராணத்தில் காணப்படும் உவமைகளைப் பற்றி எழுதுவதாகவே வாக்களித்திருந்தேன். அதற்கெனக் குறிப்பெடுத்து வைத்திருந்த பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் புரட்டியபோது, அதன் பின்பக்கங்களில் வேறொரு கையெழுத்து எதிர்ப்பட்டது. கையெழுத்து என்னுடையதுதான், ஆனால், மருத்துவமனைக் கட்டிலருகே அமர்ந்து, முழங்காலின் மீது ஏட்டை வைத்து அவசரமாக எழுதியது. 'எரிச்சல் இல்லை, குறுகுறுப்பு', 'மரத்தது இரவில் மட்டும்', 'வெந்நீர் சுடவில்லை', 'சுண்டுவிரல் நன்றாக உள்ளது' என்று உம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய சொற்கள் அவை. உவமைகளை மற்றொரு மலருக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இந்தச் சொற்களின் கதையையே ஈண்டு எழுதுகிறேன்.

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமான 'மருந்து' எனும் பகுதியைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவம் என்பதை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என நான்கு கூறாக்கிக் காட்டுகிறது. உரை வகுத்த பரிமேலழகர், இந்நான்கினையும் தனித்தனியே நந்நான்காகப் பகுக்கிறார். நோயாளிக்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்றாக, தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் ஆற்றலையும் அவர் குறிப்பிடுகிறார். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, தேர்வுக்கு வரக்கூடிய பகுதி என்றும் சொல்லியிருக்கிறேன். எடுத்துரைக்கும் ஆற்றல் நோயாளிக்கு வேண்டுமென்றால், அதைக் கேட்கும் ஆற்றல் யாருக்கு வேண்டும் என்ற வினாவை எந்த மாணவரும் என்னிடம் எழுப்பியதில்லை. நானும் என்னிடம் எழுப்பிக்கொண்டதில்லை. அவ்வினாவை எனக்கு விடுத்தது என் உம்மாவின் இடது கால்.

பாய் நெய்த கைகள்

எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடை. தாமிரபரணியின் கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளையும் கோரையைக் கொண்டு பாய் நெய்வது எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் தொழில். கோரையை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, தரையோடு தரையாக விரித்த பாவு நூல்களுக்கிடையே ஒவ்வொன்றாகச் செலுத்தி நெய்ய வேண்டும். நயமான பாய் பட்டுத்துணி போல மடியும். மணமக்களின் பெயர்களையே இழையில் வார்த்தெடுக்கும் திருமணப் பாய்களும் உண்டு. இவையெல்லாம் கண்ணின் வேலையைவிட விரல்நுனியின் வேலை. இழையின் பருமனைத் தொட்டறியாத கை, நயமான பாயை நெய்ய இயலாது.

உம்மாவின் விரல்கள் அத்தகைய விரல்கள். வாப்பா இளமையிலேயே மறைந்துவிட்ட பின்னர், என் பள்ளிக் கட்டணமும் கல்லூரிக் கட்டணமும் அவ்விரல்களின் வழியாகத்தான் வந்தன. 2004ஆம் ஆண்டு, ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு நான் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த நாள்களில்தான், காலையில் எழுந்தவுடன் விரல்களை மடக்க முடியவில்லை என்று உம்மா முதன்முதலாகச் சொன்னார்கள். அப்போது அவர்களுக்கு வயது 47.

சரவாங்கி

நம் மக்கள் சரவாங்கி என்றும், முடக்குவாதம் என்றும் வழங்கும் நோய் அது. முதுமையில் மூட்டு தேய்வதால் வரும் வலி வேறு, இது வேறு. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவற்படை, தன் வீட்டாரையே பகைவரென மயங்கித் தாக்குவதால் விளைவது இது. வயது வந்தோரில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் சற்றுக் குறைவானோர்க்கு வருகிறது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. காலை விறைப்பு ஒரு மணி நேரத்திற்கும் மேலாக நீடிப்பதும், இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருசேர வீங்குவதும் இதன் அடையாளங்கள். ஆங்கிலேய மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட் 1859ஆம் ஆண்டில் இந்நோய்க்கு இன்றைய ஆங்கிலப் பெயரைச் சூட்டினார். நார்வே நாட்டு மருத்துவர் எரிக் வாலர் 1940இல், இந்நோயாளிகளின் குருதியில் காணப்படும் ஒருவகை எதிர்ப்பொருளை இனங்காட்டினார். 'ருமட்டாய்டு ஃபாக்டர்' என்று இன்று ஆய்வகச் சீட்டுகளில் நாம் காண்பது அதுவே.

மருத்துவர் மெத்தோட்ரெக்சேட் எனும் மாத்திரையை வாரம் ஒருமுறை மட்டும் உண்ணுமாறு எழுதிக் கொடுத்தார். உம்மா வெள்ளிக்கிழமையைத் தேர்ந்துகொண்டார்கள். ஜும்ஆ நாள் மறக்காது என்பது அவர்கள் கணக்கு. வீக்கம் தணிந்தது. முன்போல நயமான பாய் இல்லையெனினும், நடுத்தரப் பாய்களை நெய்துகொண்டிருந்தார்கள். முடக்கத்தான் கீரை தோசையும் தவறாமல் நடந்தது. 'முடக்கு அறுத்தான்' என்ற சொல்லே முடக்கத்தான் ஆயிற்று என்று நானும் சொற்பிறப்பு உரைத்து மகிழ்ந்தேன்.

பத்தாண்டுகள் கழிந்தன. 'அது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரை' என்று அண்டை வீட்டார் யாரோ சொல்ல, 2014இல் உம்மா அதனை நிறுத்திவிட்டு, வெளியூர் ஒன்றிலிருந்து வந்த ஒரு பொடியை உண்ணத் தொடங்கினார்கள். புற்றுநோய்க்கு மிகப் பெரிய அளவில் தரப்படும் அம்மருந்து, மூட்டு நோய்க்கு மிகச் சிறிய அளவில், வேறு நோக்கத்திற்காகத் தரப்படுகிறது என்பதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. நான் அடுத்த ஊரில் பேராசிரியை. பொடியை உண்டதும் வலி பறந்தது. பெயரறியாத பொடி ஒன்றில் வலி ஒரே நாளில் பறந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. வலி மறைந்தது, நோய் மறையவில்லை. அது மூட்டைவிட்டு வேறு வழி தேடிக்கொண்டிருந்தது.

செருப்பு நிற்காத கால்

2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். கல்லூரிக்குத் தரமதிப்பீட்டுக் குழுவினர் வரவிருந்தனர். கோப்புகளுக்கு நடுவே நான் மூழ்கியிருந்த ஒரு மாலைப் பொழுதில் உம்மா தொலைபேசியில், "செருப்பு கால்ல நிக்க மாட்டேங்குது மவளே" என்றார்கள்.

நான் கேட்டது செருப்பைப் பற்றிய செய்தியாக மட்டுமே. அந்த வார இறுதியில், பின்புறம் வார் வைத்த புதிய செருப்பொன்றை வாங்கிச் சென்று அணிவித்தேன். நல்ல மகளாக நடந்துகொண்டதாக எனக்குள் ஒரு நிறைவும் இருந்தது. "நடக்கையில கால் பின்தங்குது" என்றார்கள், வயதாகிறது என்றேன். "ஒளுவுக்குக் காய்ச்சின தண்ணி எடது பாதத்துல சுடல" என்றார்கள், ஆறிவிட்டிருக்கும் என்றேன். அடுத்த பத்து நாள்களில் இடது வெளிக்கணுக்காலின் மேல், துளைக்கருவியால் குடைந்தெடுத்ததைப் போன்ற ஒரு புண் தோன்றியது. உள்ளூர் மருந்தகம் ஒன்றில் அதனைச் செருப்புக் கடி என்றும், சர்க்கரைப் புண்ணாக இருக்கலாம் என்றும் சொல்லிக் கட்டுப்போட்டு அனுப்பினர். புதுச் செருப்பு வாங்கித் தந்தவள் நானல்லவா? அதனால் செருப்புக் கடி என்ற சொல் என்னை உறுத்தியதே அன்றி, வேறெதையும் எண்ணச் செய்யவில்லை.

இவ்வாறு மூன்று வாரங்கள் கழிந்தன. அந்த மூன்று வாரங்களை இன்றளவும் என்னால் மறக்க இயலவில்லை.

வாய்க்காலும் வயலும்

ஏப்ரல் முதல் வாரத்தில், நெல்லையில் மூட்டுவாத நோய்களுக்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் முதலில் புண்ணைப் பார்க்கவில்லை. உம்மாவைக் குதிகாலால் நடந்து காட்டச் சொன்னார். வலது பாதத்தின் முன்பகுதி உயர்ந்தது. இடது பாதம் உயர மறுத்துத் தரையைத் தேய்த்தது. செருப்பு நழுவியதற்குக் காரணம் செருப்பன்று. பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பு செயலிழந்திருந்தது. பிறகு நகங்களைப் பார்த்தார். நகக்கண்களின் ஓரத்தில் மிளகுத் தூளைப் போன்ற பழுப்புப் புள்ளிகள் இருந்தன. பைவாட்டர்ஸ் என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கப்படும் அப்புள்ளிகள் தனித்து வந்தால் பெரும்பாலும் அஞ்சத் தேவையில்லை என்றும், புண்ணும் நரம்புச் செயலிழப்பும் உடன் வந்திருப்பதால் காலந்தாழ்த்த இயலாது என்றும் அவர் சொன்னார்.

எங்களூர்க்காரர்களுக்குப் புரியும் உவமை ஒன்றை அவர் கையாண்டார். பெரிய வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால் பிரிந்து வயலுக்கு நீர் பாய்வதுபோல, ஒவ்வொரு நரம்பிற்கும் குருதியூட்டும் நுண்குழாய்கள் உண்டு. முடக்குவாதம் நெடுங்காலம் கட்டுப்படாமல் இருந்தால், பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குப் பின்னர், சிலருக்கு அக்குழாய்களின் சுவர்களையே அது தாக்குகிறது. சுவர் வீங்கிக் குழாய் அடைபடும்போது, தோலுக்குச் செல்லும் வாய்க்கால் வறண்டால் புண். நரம்புக்குச் செல்லும் வாய்க்கால் வறண்டால் செயலிழப்பு. "வாய்க்கால் சில நாள் வறண்டால் பயிர் வாடும், நீர் வந்தால் நிமிரும். பல நாள் வறண்டால் வேரே பட்டுப்போகும். நாம் இப்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம்" என்றார் அவர்.

என் புதுச் செருப்பு விழுங்கிய மூன்று வாரங்கள் என் கண்முன் நின்றன.

அன்றே மருத்துவமனையில் சேர்த்தோம். குருதியில் சர்க்கரை இயல்பாகவே இருந்தது. ருமட்டாய்டு ஃபாக்டர் மிக உயர்ந்திருந்தது. நரம்புகளில் மின்தூண்டல் எவ்வாறு கடக்கிறது என்பதை அளக்கும் சோதனை நடந்தது. இடது காலில் மட்டுமன்றி, வலது பாதத்தின் ஒரு திட்டிலும் உணர்வு குன்றியிருப்பது அதில் தெரிந்தது. ஒரு நரம்பு இங்கே, மற்றொரு நரம்பு அங்கே எனத் தாவித்தாவிப் பழுதடைவதே குழாய் அழற்சியின் போக்கு. வெளிக்கணுக்காலின் பின்னால் ஓடும் மெல்லிய உணர்வு நரம்பிலிருந்து சிறு துண்டெடுத்து ஆய்ந்தனர். குழாய்ச் சுவரை வெள்ளணுக்கள் ஊடுருவிச் சிதைத்திருப்பது உறுதியாயிற்று.

சுண்டுவிரல் சொன்ன சேதி

மறுநாள் காலை மருத்துவர் கட்டிலருகே அமர்ந்து, "அம்மா, உங்கள் உடம்பில் என்னென்ன தெரிகிறதோ, உங்கள் சொற்களிலேயே சொல்லுங்கள்" என்றார். பல ஆண்டுகளில் உம்மாவிடம் இப்படிக் கேட்டவர் அவர் ஒருவரே. நான் உட்பட வேறெவரும் கேட்டதில்லை.

உம்மா பேசினார்கள். கால் திடுமென ஒரே இரவில் போனது என்றார்கள். வலது கை அப்படியன்று. மாதக் கணக்கில், இரவில் மட்டும் மரத்துப்போய் எழுப்பும். உதறினால் சற்றுத் தெளியும் என்றார்கள். இரவில் அவர்கள் கையை உதறுவதை நான் எத்தனையோ முறை பார்த்ததுண்டு, கேட்டதில்லை. "எல்லா விரலுமா மரக்கிறது?" என்றார் மருத்துவர்.

"சுண்டுவிரல் மட்டுந்தான் என் விரலு. மோதிர விரல்ல பாதி என்னுது. மத்ததெல்லாம் ராத்திரியில யாருதோ மாதிரி இருக்கு" என்றார்கள் உம்மா.

மருத்துவர் வியப்போடு என்னைத் திரும்பிப் பார்த்தார். இழையின் நயத்தைத் தொட்டறிந்த விரல்கள் அல்லவா? நரம்பியல் நூலில் வரைந்துள்ள எல்லைக்கோட்டை அப்படியே சொல்லிவிட்டார்கள். மணிக்கட்டின் உள்ளே ஒரு குறுகிய சுரங்கம் உண்டு. அதன் வழியே செல்லும் நரம்பு கட்டைவிரல் முதல் மோதிரவிரலின் பாதிவரை உணர்வூட்டுகிறது. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. முடக்குவாதத்தால் வீங்கிய மணிக்கட்டுச் சவ்வு அச்சுரங்கத்தை நெருக்க, நரம்பு நசுங்கியிருந்தது. காலில் நேர்ந்தது வறட்சி. கையில் நேர்ந்தது நெருக்கடி. நோய் ஒன்று; நரம்பு பழுதுபட்ட வழி இரண்டு; ஆகவே மருத்துவமும் இரண்டு. நசுங்கிய நரம்புக்கு இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையும், அவ்விடத்தில் ஓர் ஊசியும், அவை போதாவிடில் சுரங்கத்தின் கூரையைப் பிளக்கும் சிறு அறுவையும் போதும். வறண்ட நரம்புக்கோ உடல் முழுவதும் பாயும் வலிய மருந்து வேண்டும். இரண்டையும் ஒன்றென எண்ணினால் ஒன்றில் தவறுவோம்.

அன்று மாலைதான் குறிப்பேட்டின் பின்பக்கத்தைத் திறந்து உம்மாவின் சொற்களை எழுதத் தொடங்கினேன். எரிச்சல் வேறு, குறுகுறுப்பு வேறு, விறுவிறுப்பு வேறு, மரத்தல் வேறு, உணர்வே இன்மை வேறு. இத்தனை நுட்பமான வேறுபாடுகளைத் தமிழ் தன்னுள் வைத்திருக்கிறது. அகராதியில் அவற்றைத் தேடிய நான், உம்மாவின் வாயிலிருந்து அவை வந்தபோது செவிகொடுக்கவில்லை.

மூன்றாவது ஒன்றையும் மருத்துவர் விட்டுவிடவில்லை. கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து ஊடுகதிர்ப் படம் எடுத்தார். நெடுநாள் முடக்குவாதத்தில் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்து, தண்டுவடத்தையே அழுத்தக்கூடும். அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் முன் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. இறையருளால் உம்மாவுக்குத் தளர்வு சிறிதளவே இருந்தது. "முடிதிருத்தும் இடத்திலோ, வேறெவரிடமோ கழுத்தில் சொடுக்கு எடுக்க ஒருபோதும் இடந்தராதீர்கள்" என்று இந்நோயாளிகள் அனைவருக்கும் சொல்வதாக அவர் கூறினார்.

நோன்பும் தண்ணீரும்

ஸ்டீராய்டு மருந்தின் வரலாறு வியப்புக்குரியது. அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் 1948இல் கார்ட்டிசோனை முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகச் செலுத்த, படுக்கையில் கிடந்தவர் சில நாள்களில் எழுந்து நடந்தார். 1950இல் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின்விளைவுகளோ உலகுக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தன. மருந்தும் நஞ்சும் அளவால் வேறுபடுபவை. பெயரறியாப் பொடியில் கண்காணிப்பின்றி உட்சென்றபோது கேடு செய்யக்கூடிய அதே இனத்து மருந்துதான், இப்போது கண்காணிப்போடு உம்மாவைக் காக்க வந்தது. புண்ணில் கிருமித்தொற்று இல்லை என்றும், காசநோயும் மஞ்சள்காமாலைக் கிருமிகளும் உடலில் மறைந்திருக்கவில்லை என்றும் உறுதி செய்த பின்னர், மெத்தில் பிரட்னிசலோனை நாளுக்கு 1 கிராம் வீதம் 3 நாள்கள் சிரை வழியாகச் செலுத்தினர். அதன்பின் மாத்திரையாக, படிப்படியாகக் குறைத்தனர்.

அது தீயை அணைக்கும் நீர் மட்டுமே. தீ மீண்டும் பற்றாதிருக்க வேறொன்று வேண்டும். மருத்துவர் இருவழிகளை எங்கள்முன் வைத்தார். ஒன்று, நெடுங்காலமாகக் கையாளப்பெறும் சைக்ளோபாஸ்பமைடு. மற்றொன்று, எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் அணுக்களையே குறிவைக்கும் ரிட்டுக்சிமாப். முடக்குவாதத்திற்கு 2006ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பின்னைய மருந்தின் விலை எங்களுக்கு எட்டாதது. முன்னையது வெள்ளணுக்களைக் குறைக்கும், தொற்றுக்கு வழிவிடும், சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடும், பிள்ளைப்பேற்றுக்குரிய வயதினராயின் அதற்கும் ஊறு நேரலாம். உம்மா அவ்வயதைக் கடந்தவர்கள். ஆறுமுறை சிரைவழியாகச் செலுத்துவதென முடிவாயிற்று. ஒப்புதல் தாளில் கையெழுத்திடும்போது என் கை நடுங்கியது. உம்மாவோ, "கோரையைச் சாயத்துல போட்டுட்டுப் பயந்தா ஆகுமா?" என்றார்கள்.

அவ்வாண்டு மே மாதத்தின் நடுவில் ரமளான் பிறந்தது. அம்மருந்து சிறுநீர்ப்பையில் தங்கிவிடாதிருக்க, செலுத்தும் நாளிலும் அதனையடுத்தும் நிறையத் தண்ணீர் பருக வேண்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பையும் விடாத உம்மா, நோன்பைத்தான் நோற்பேன், மருந்தைத் தள்ளிவையுங்கள் என்றார்கள். நான் அழுதேன், வாதாடினேன், மருத்துவரைக்கொண்டு சொல்லச் செய்தேன். பயனில்லை. இறுதியில் எங்கள் பள்ளிவாசலின் இமாமை வீட்டிற்கு அழைத்து வந்தேன். அவர் நீண்ட உரை நிகழ்த்தவில்லை. "நோயாளிக்கு இறைவன் கொடுத்த சலுகை அது. கொடுத்ததை வாங்கிக்கொள்வதும் வணக்கந்தான் உம்மா" என்றார். உம்மா சற்றுநேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, "தண்ணி கொடு மவளே" என்றார்கள். நோன்புக் காலத்தில் பகற்பொழுதில் அவர்கள் பருகிய அந்த முதற் குவளைத் தண்ணீரை நான் பிடித்திருந்த காட்சி, என் நினைவில் அழியாது நிற்கிறது. விட்ட நோன்புகளுக்குப் பகரமாக ஏழைகளுக்கு உணவளித்தோம்.

நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

ஒவ்வொரு முறையும் பத்தாம் நாளளவில் வெள்ளணுக்களை எண்ணினர். தொற்றைத் தடுக்கும் மாத்திரையும், எலும்பு மெலியாதிருக்கச் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்து டியும் கொடுத்தனர். ஸ்டீராய்டினால் சர்க்கரை ஏற, சில வாரங்கள் இன்சுலினும் வேண்டியிருந்தது. கால் தடுக்கி விழாதிருக்கக் கணுக்காலைத் தாங்கும் நெகிழி உறை அணிவித்தனர். உணர்வற்ற பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாதாகையால், நாள்தோறும் மாலையில் உள்ளங்காலைப் பார்ப்பது என் வேலையாயிற்று. நரம்பு எரிச்சலுக்கு இரவில் தனியே ஒரு மாத்திரை. ஆறுமுறை முடிந்தபின், குறைந்த வலிமையுள்ள அசதயோபிரின் எனும் மாத்திரையை நாள்தோறும் உண்ணச் செய்தனர். நான்கு மாதங்களில் புண் ஆறிற்று.

ஆனால், பாதம் உயரவில்லை. "எப்போது?" என்று கேட்டேன். உயிர்பிழைத்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே வளரும் என்றார் மருத்துவர். முழங்காலிலிருந்து பாதம் வரை கணக்கிட்டால் ஓராண்டுக்கும் மேல். நான் மலைத்துப் போனேன். உம்மா மலைக்கவில்லை. "நயப்பாயும் அப்படித்தான். ஒருநாள் பார்த்தா ஒண்ணும் தெரியாது" என்றார்கள்.

ஓராண்டும் சில மாதங்களும் சென்றபின் ஒரு காலையில், இடது பாதம் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்ந்தது. அவ்வளவுதான். முழுமையாக இன்றும் உயர்வதில்லை. மேற்பாதத்தின் ஒரு பகுதிக்கு இன்றும் வெந்நீர் தெரியாது. அறுவை செய்துகொண்ட வலக்கை மட்டும் இரவில் எழுப்புவதில்லை. நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார்கள். நயமான பாய் இனி அவர்கள் கையில் இல்லை. மூன்று வாரங்களுக்கு முன்னரே, அந்தத் தொலைபேசி அழைப்பிற்கு மறுநாளே அழைத்துச் சென்றிருந்தால், மீதியும் திரும்பியிருக்குமோ என்று ஒருமுறை மருத்துவரிடம் கேட்டேன். அவர் நல்லவர், நேரடியாக விடை சொல்லவில்லை. "பலர் மூன்று மாதம் கழித்து வருகிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

உம்மாவுக்கு இன்று வயது 68. அண்டை வீட்டுப் பெண்பிள்ளைகள் இருவர் பாய் நெய்யக் கற்க வருகின்றனர். உம்மா நாற்காலியில் அமர்ந்து வாயால் சொல்ல, அவர்கள் விரலால் செய்கின்றனர். இழை பருத்துவிட்டால், தொட்டுப் பாராமலே, நெய்யும் ஓசையைக் கேட்டே சொல்லிவிடுகிறார்கள்.

நிறைவாக

மாணவச் செல்வங்களே! இன்று முடக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே அடக்கும் மருந்துகள் பெருகியுள்ளமையால், இத்தகைய குழாய் அழற்சி முன்னைவிடக் குறைந்து வருகிறது. ஆயின், குறைந்து வருவதாலேயே, வரும்போது எளிதில் அடையாளம் காணப்படாமற் போகிறது. உங்கள் இல்லத்தில் இந்நோயாளி இருப்பின், மருந்தைத் தாமே நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரறியாப் பொடிகளை வீட்டிற்குள் விடாதீர்கள். புகைக்கும் பழக்கம் குழாய் அழற்சிக்கு வழிகோலுவதால் அதனைக் கைவிடச் செய்யுங்கள். இந்நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் பிறரைவிட மிகுதியாக வருவதால், குருதியழுத்தத்தையும் கொழுப்பையும் அவ்வப்போது அளந்து வாருங்கள். திடீரெனப் பாதமோ மணிக்கட்டோ தொங்கினாலும், ஆறாத புண் தோன்றினாலும், விரல்நுனி கருத்தாலும், நடை தள்ளாடினாலும் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

இவையெல்லாம் மருத்துவரும் சொல்வார். தமிழ் கற்பிப்பவளாகிய நான் சொல்வதற்கு ஒன்றே ஒன்று உண்டு. நம் இல்லத்து முதியவர்கள் நோயை நோயின் பெயரால் சொல்வதில்லை. செருப்பு நிற்கவில்லை என்பார்கள். சட்டைப் பொத்தான் நழுவுகிறது என்பார்கள். தண்ணீர் சுடவில்லை என்பார்கள். பாட்டில் மறைபொருள் தேடப் பழகிய நாம், வீட்டில் பேசப்படும் சொல்லின் உட்பொருளையும் தேடப் பழக வேண்டும். 'மருந்து' அதிகாரத்தை இப்போது நடத்தும்போது நான்காம் கூறாகிய பணிவிடையாளரிடம் வந்ததும் சற்று நிறுத்தி, பத்தமடைக்காரி ஒருத்தி ஒரு மாலைப்பொழுதில் சொன்னதையும், அவள் மகள் கேளாததையும் வகுப்பில் சொல்கிறேன். அது தேர்வுக்கு வராது. எனினும், மாணவியர் சிலர் அன்று மாலையே வீட்டிற்குத் தொலைபேசியில் பேசுவதாக அறிகிறேன்.

எல்லாம் வல்ல இறைவன் நோயுற்றோர் அனைவருக்கும் நலத்தையும், அவர் அருகிருப்போர்க்குக் கேட்கும் செவியையும் வழங்குவானாக.